ஒரு சொட்டுகூட இல்லை

சுபாஷிணியின் பட்டுப்புடவை பீரோவுக்குள் தலையை நுழைத்து, சிவசங்கரன் மறுபடியும் ஒரு தடவை முகர்ந்து பார்த்தார். அந்துருண்டை வாசனைக்கும் பழைய ஜரிகை வாசனைக்கும் நடுவில் வேறு ஏதோ ஒன்று ஒளிந்துகொண்டிருந்தது. கூறைப்புடவையைத் தூக்கினார். பின்னால் ஒரு கண்ணாடி ஜாடி. உள்ளே பழுப்பு நிறத்தில் தண்ணீர். தண்ணீரில் காது மாதிரி ஏதோ மிதந்தது.

ஒரு காது இல்லை. ஜாடி நிறையக் காதுகள்.

"சுபா!"

அவர் போட்ட சத்தத்தில் வாசலில் படுத்திருந்த தெரு ஆடு எழுந்து அடுத்த வீட்டு வாசலுக்குப் போய்விட்டது.

சுபாஷிணி அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "மூடியைத் திறக்கலையே? வெளிச்சம் படப்படாதுன்னுதான் அங்கே வெச்சேன்."

"என்னது இது?"

"ரெய்ஷி."

"மனுஷா பாஷையிலே சொல்லு."

"காளான்."

சிவசங்கரன் இரண்டடி பின்னால் போனார். அவர் கல்யாண சமையல்காரர். மட்டாஞ்சேரியில் தமிழ்ப் பிராமணர் வீட்டு விசேஷம் என்றால் அடுப்பைப் பற்றவைப்பது அவர்தான். விசேஷ நாளில் வெங்காயமே வாசற்படி தாண்டாத சமையலறை அவருடையது. காளானை அவர் மார்க்கெட்டில்கூட நேராகப் பார்த்ததில்லை, ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். அதோடு இயல்பிலேயே சந்தேகப் பிராணி. பால்காரர் பாலை, மளிகைக்காரர் பருப்பை, கண்டக்டர் சில்லறையை, எல்லாவற்றையும் முதலில் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குவார்.

"சமையல் பண்ற தேஹண்டக்காரன் ஆத்துலே காளானா? அதுவும் கூறைப்புடவைக்குப் பின்னாலே?"

"புடவைக்கு ஒண்ணும் ஆகாது."

"எதுலே ஊறிண்டிருக்கு?"

சுபாஷிணி ஜாடியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "ஒரு திரவத்துலே."

"திரவத்துக்குப் பேர் இல்லையா?"

"வோட்கா."

சிவசங்கரன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச காலமாகவே சுபாஷிணிக்கு மூலிகைச் சொட்டு மருந்துப் பைத்தியம் பிடித்திருந்தது. துளசி, பிரம்மி, அமுக்கரா என்று எதையாவது ஊறவைத்து, வடிகட்டி, பழுப்புக் குப்பிகளில் அடைத்து, ரப்பர் தலை வைத்த மூடி போட்டு அடுக்களை அலமாரியில் வரிசையாக நிறுத்துவாள். போர்ட் கொச்சியில் தங்கும் விடுதி நடத்துகிற ஒருத்தி அதையெல்லாம் வாங்கிக்கொண்டு போவாள். ஏதோ கஷாயம் என்றுதான் சிவசங்கரன் இதுவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளத்துலே ஊறப்போட்டா ஆகாதா?" என்றார் ஈனஸ்வரத்தில்.

"கொச்சி மழையிலே வெள்ளத்துலே போட்டா மறுநாளே பூஞ்சை பிடிக்கும். அதுவும் காளானுக்கு ரெண்டும் வேணும், கேட்டேளா. சில சத்து ஸ்பிரிட்லேதான் இறங்கும். சிலது கொதிக்கற வெள்ளத்துலேதான் இறங்கும். முதல்லே இது, அப்புறம் அது. ரெண்டையும் கலந்தா டிங்சர்."

"டிங்சர்னா புண்ணுக்குப் போடறதுன்னா?"

"அது வேறே, இது வேறே."

"இதை யார் வாங்கிண்டு வந்தா?"

"நான்தான்."

"நீயா? அந்தக் கியூவிலே போய் நின்னியா?"

"கியூ எல்லாம் இல்லே. இப்போ உள்ளே போய் நாமளே எடுத்துக்கற கடை வந்தாச்சு. நன்னா குளுகுளுன்னு இருக்கு. வண்டி தள்ளிண்டு போனேன்."

"யாராவது பார்த்தாளா?"

"அங்கே யாரும் யாரையும் பார்க்க மாட்டா. அதானே அங்கத்து மரியாதை."

இந்த மரியாதையைப் பற்றிய விவரம் இவளுக்கு எப்படித் தெரிந்தது என்ற சந்தேகம் சிவசங்கரனுக்கு உடனே வந்துவிட்டது. "நீ ருசி பார்த்தியா?"

"நாக்குக்கு அடியிலே சொட்டு விடறதுதானே மருந்து."

அன்று முழுவதும் அவள் நடக்கும்போதெல்லாம் நேராக நடக்கிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலைக் கோலத்தில் ஒரு கம்பி வளைந்திருந்தது. ஆடு மிதித்துவிட்டது என்று அவள் சொன்னாள். சிவசங்கரன் நம்பவில்லை.

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. வக்கீல் அனந்தநாராயணனின் பெண் ஸாதனாவுக்குக் கல்யாணம். வக்கீல்தான் ஊர்த் தமிழ்ப் பிராமண சமூஹத்தின் தலைவர். சமூஹ மண்டபத்தில் வருஷம் முழுவதும் நடக்கிற விசேஷங்களுக்கு யார் சமைக்க வேண்டும் என்று முடிவு செய்கிறவர் அவர். திருப்பூணித்துறையிலிருந்து வந்துகொண்டிருந்த சமையல்காரரின் சட்டைப் பையில் பான்பராக் பொட்டலம் தட்டுப்பட்டது என்பதற்காக, பந்தி நடக்கும்போதே அவரை வெளியே அனுப்பியவர். இந்தக் கல்யாணம் ஒழுங்காக நடந்தால் சமூஹத்து அடுப்பு இனிமேல் சிவசங்கரனுக்கு. இல்லாவிட்டால் கொச்சியில் அவருக்கு அடுப்பே கிடையாது. இந்த நேரத்தில் வீட்டில் சாராயம் இருப்பது தெரிந்தால் என்ன ஆகும்?

"கல்யாணம் முடியறவரைக்கும் இதை நிறுத்தி வை" என்றார்.

"விடுதிக்காரி கிட்டே வாக்குக் கொடுத்துட்டேன். நிறுத்த முடியாது."

"அப்போ வேறே எதுலேயாவது ஊறப்போடு. சாராயம் இல்லாம வேறே திரவமே உலகத்துலே இல்லையா?"

"கிளிசரின் இருக்கு. ஆனா சத்து நன்னா இறங்காது."

"இறங்கின வரைக்கும் போறும்."

சிவசங்கரனே மருந்துக் கடைக்குப் போய்க் கிளிசரின் கேட்டார். எவ்வளவு என்று கேட்ட கடைக்காரர், பதிலைக் கேட்டுவிட்டு இவரை ஏற இறங்கப் பார்த்தார். "இத்தனை கிளிசரின் எதுக்கு சேட்டா? வெடி ஏதும் உண்டாக்கறீங்களோ?"

"காளானுக்கு" என்றார் சிவசங்கரன்.

கடைக்காரரின் சந்தேகம் இன்னும் அதிகமானது.

கிளிசரின் கொழகொழவென்று தித்தித்தது. காளான் அதில் சுகமாகப் படுத்துக்கொண்டது, சத்து மட்டும் இறங்கவில்லை. ஆனால் எறும்பு இறங்கியது. தெரு முனையிலிருந்து புறப்பட்ட ஊர்வலம், வாசற்படி ஏறி, கூடத்தைக் கடந்து, பீரோவுக்குள் போய், கூறைப்புடவை மடிப்பில் தங்கி இளைப்பாறி, திரும்பி வரும் வழியில் அடுக்களையையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று முடிவு செய்தது. கல்யாணத்துக்காக வறுத்து அரைத்து வைத்திருந்த சாம்பார்ப் பொடி டின்னை சிவசங்கரன் திறந்தபோது பொடி தானாக நகர்ந்துகொண்டிருந்தது.

"சொன்னேனோன்னோ" என்றாள் சுபாஷிணி.

"எறும்புக்கு எது பிடிக்காது?"

"வினாகிரி, அதான் வினிகர்."

"அதிலே ஊறுமா?"

"ஊறும். ஆனா ரொம்ப நாள் கெடாம இருக்காது. காளானுக்கு அவ்வளவா ஒத்தும் போகாது."

"எனக்கு ஒத்துப் போறது. வாங்கு."

வினாகிரி வந்தது. சிவசங்கரன் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதிலே எதுக்குத் தென்னை மரம் போட்டிருக்கான்?"

"தென்னையிலேர்ந்து எடுத்தது."

"தென்னையிலேர்ந்து எடுத்ததுன்னா? தேங்காயிலேர்ந்தா?"

சுபாஷிணி சுவரைப் பார்த்தாள். "கள்ளுலேர்ந்து."

"ஈஸ்வரா!"

"புளிச்சுப் போச்சுன்னா அது கள்ளு இல்லே, வினாகிரி. ஊர் முழுக்க ஊறுகாயிலே விடறா."

"நம்ம ஊறுகாயிலே இல்லே!" என்று கத்தினார் சிவசங்கரன். இருந்தாலும் வீட்டில் இருந்ததற்குள் அதுதான் சாராயமும் இல்லாதது, எறும்பும் தொடாதது என்பதால், தென்னை மரப் படத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, காளானை அதில் போடச் சம்மதித்தார்.

எறும்பு போய்விட்டது. வாசனை வந்துவிட்டது. கதவு, ஜன்னல், தலையணை, அவருடைய வேஷ்டி, எல்லாவற்றிலும் புளித்த வாடை. மழை பெய்துகொண்டே இருந்ததால் துவைத்தாலும் காயவில்லை, காய்ந்தாலும் போகவில்லை. அந்த வேஷ்டியோடு கல்யாண மெனு பேச அவர் வக்கீல் வீட்டுக்குப் போனார்.

வக்கீல் ஓலன், காளன், எரிசேரி வரைக்கும் ஒழுங்காகத்தான் பேசிக்கொண்டு வந்தார். புளியிஞ்சிக்கு வரும்போது நிறுத்தினார். "ஓய் சிவசங்கரா, செத்த கிட்டே வாரும்."

சிவசங்கரன் கிட்டே போகாமல் குனிந்தார்.

"உம்ம மேலே என்ன வாசனை அது?"

"புளி கரைச்சுண்டிருந்தேன் அண்ணா."

"புளிக்கு இந்த வாசனை வராது. நான் கள்ளுக்கடை கேஸ் எல்லாம் நடத்தியிருக்கேன்."

"பழைய புளி" என்றார் சிவசங்கரன். வக்கீல் தலையை ஆட்டினார். நம்பித் தலையாட்டினாரா, குறித்துக்கொண்டு தலையாட்டினாரா என்று சிவசங்கரனுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் வினாகிரியைத் தென்னை மரமே கண்ணில் படாத தூரத்தில் கொட்டினார்.

"வாசனையே இல்லாத திரவம் ஏதாவது உண்டா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"நான் முதல்லேயே போட்டதுதான். வோட்கா வாசனை மட்டும்தான் ஒட்டாது. ஆனா மிச்சம் இருக்கறது அரை ஜாடிக்குத்தான் வரும்."

சிவசங்கரன் பீரோவைச் சாத்தினார். "நீ போகப்படாது. கல்யாணத்துக்கு ஊரெல்லாம் மனுஷா வந்திருக்கா. நானே போறேன். மட்டாஞ்சேரியிலே இல்லே. எர்ணாகுளத்துலே."

அப்படிப் புறப்பட்ட கோலத்தைப் பார்த்திருக்க வேண்டும். மருமகன் விட்டுப்போன பேண்ட், கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, தொப்பி, மூக்கை மறைத்து முகக்கவசம், அதற்கு மேல் வெயிலே இல்லாத நாளில் கறுப்புக் கண்ணாடி. படகில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். பேசாமல் வேஷ்டியோடு போயிருந்தால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

கடைக்கு முன்னால் கூட்டமே இல்லை. 'பகவான் நம்ம பக்கம்' என்று நினைத்துக்கொண்டு போய் நின்றார். கதவு சாத்தியிருந்தது. தட்டினார். காத்திருந்தார். மறுபடி தட்டினார். வழியில் போன ஒருவர் நின்று அவரை இரக்கத்தோடு பார்த்தார்.

"சேட்டா, இன்னிக்கு ஒண்ணாம் தேதியல்லே?"

"ஒண்ணாம் தேதின்னா என்ன?"

அந்த மனிதருக்குக் கண்கலங்கிவிட்டது. கேரளத்தில் ஒண்ணாம் தேதி மதுக்கடை திறக்காது என்பது பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். குடிக்கிறவர்கள் முப்பதாம் தேதியே வாங்கி வைத்துக்கொண்டுவிடுவார்கள். தேதியே மறந்துபோகிற அளவுக்கு ஒரு மனிதன் முற்றிப்போய்விட்டானே என்று அவர் சிவசங்கரனின் தோளைத் தட்டிக்கொடுத்தார். "கை நடுங்குதோ? என்கிட்டே கொஞ்சம் இருக்கு. வரீங்களா?"

"வேண்டாம், வேண்டாம்! எனக்கு இல்லே!"

"எல்லாரும் முதல்லே அப்படித்தான் சொல்றது."

தோளை விடுவித்துக்கொண்டு திரும்பியபோது எதிரில் பிச்சை நின்றுகொண்டிருந்தான். சிவசங்கரனின் சமையல் குழுவில் காய் நறுக்குவது முதல் அண்டா தூக்குவது வரை அவன்தான். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து வாத்துருத்தியில் குடியிருக்கிறவன். கல்யாணத்துக்குக் காய்கறி சொல்லிவைக்க மார்க்கெட்டுக்கு வந்தவன் தோளில் சுரைக்காயோடு நின்றான்.

"சாமி?"

சிவசங்கரன் குரலை மாற்றிக்கொண்டார். "யார் சாமி? எந்த சாமி?"

"சாமி, நீங்களுமா?" பிச்சை சுரைக்காயைக் கீழே வைத்தான். முழங்கைக்கு மேல் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றைக் காட்டினான். "நானும் இப்படித்தான் கெடந்தேன் சாமி. போன ஆடியில எங்க ஊரு கோயில்ல கயிறு கட்டுனேன். இன்னைக்கு வரைக்கும் தொடல. வாங்க சாமி, உங்களுக்கும் ஒண்ணு கட்டிருவோம்."

"டேய், நான் குடிக்கறதுக்கு வரலைடா! ஆத்துலே மாமி டிங்சர் பண்றா!"

பிச்சை நெஞ்சில் கையை வைத்துக்கொண்டான். "டிங்சரா? எங்க ஊர்ல அது எல்லாம் கடைசி நெலமைல குடிக்கிறதாச்சே. மாமியுமா?"

"வெளியிலே ஒரு வார்த்தை சொன்னியோ!"

"சத்தியமா சொல்ல மாட்டேன் சாமி."

சத்தியத்தை அவன் காப்பாற்றினான். வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. குழுவில் இருந்தவர்களிடம் மட்டும், சாமியைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும், தீக்குப் பக்கத்தில் தனியாக விடக்கூடாது, மாமியை எதுவும் கேட்கக்கூடாது என்று தனித்தனியாக எச்சரித்தான். அவர்கள் தங்கள் வீடுகளில் எச்சரித்தார்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் பால்காரர் பாலை ஊற்றிவிட்டு, "சாமி, எல்லாம் சரியாகும், விஷமிக்கண்டா, கவலைப்பட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிவசங்கரன் கதவைச் சாத்தினார். நேராக அடுக்களைக்குப் போனார். அலமாரியில் நின்ற பழுப்புக் குப்பிகளை எல்லாம் ஒரு கூடையில் அள்ளினார். பீரோவில் மிச்சம் இருந்த வோட்காவையும் சேர்த்தார்.

"ஏன்னா, என்ன பண்றேள்?"

"முழுகப் போறோம் சுபா. இனிமேல் இந்த ஆத்துலே ஒரு குப்பிகூட இருக்கப்படாது."

"கொட்டறதுன்னா கொட்டுங்கோ. ஆனா ஒவ்வொண்ணா மோந்து பார்த்துக் கொட்டுங்கோ. அதிலே எல்லாமே என்னுது இல்லே—"

"மோந்து பார்க்கறதா? அதை மோந்து மோந்துதான் நான் இந்த கதிக்கு வந்திருக்கேன்!"

வாசல் ஓடையில் குப்பி குப்பியாகத் திறந்து கவிழ்த்தார். மூக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் கவிழ்த்தார். சுபாஷிணி இரண்டு தடவை வாயைத் திறந்தாள். இரண்டு தடவையும் அவர் கையைக் காட்டி அடக்கினார். காளான் போட்ட ஜாடியும் கவிழ்ந்தது.

மட்டாஞ்சேரி ஆடுகள் சுவரொட்டியையே தின்கிறவை. ஓடையில் புதிதாக ஏதோ வந்திருக்கிறது என்று தெரிந்ததும், அந்தத் தெரு ஆடு இறங்கிப் போய் அதைக் கவனித்தது. நன்றாகவே கவனித்தது.

சாயங்காலம் வக்கீல் அனந்தநாராயணன், நாளைக்கு அடுப்பு மூட்ட வெற்றிலை பாக்கு வைத்து முறைப்படி அழைக்க வந்தார். காரிலிருந்து இறங்கி வாசலுக்கு நடந்தார். எதிரில் ஆடு வந்தது. நேராக வரவில்லை. சுவரில் ஒரு முறை சாய்ந்து, மன்னிப்புக் கேட்பது போல் தலையை ஆட்டி, வக்கீலின் கால்களில் முட்டி, அங்கேயே மடங்கிப் படுத்துக் குறட்டை விட்டது.

வக்கீல் குனிந்து முகர்ந்தார். "சிவசங்கரா."

"அண்ணா."

"ஆடு குடிச்சிருக்கு."

"எனக்கு இந்த ஆட்டைத் தெரியாது அண்ணா."

"உம்ம வாசல்லே படுத்திண்டிருக்கு."

"தெரு ஆடு. எல்லார் வாசல்லேயும் படுக்கும்."

"ஆட்டுக்கு யார் வாங்கிக் கொடுத்தா?"

சிவசங்கரன் ஆட்டைக் காலால் அடுத்த வீட்டுப் பக்கம் தள்ளிப் பார்த்தார். வக்கீல் வெற்றிலைத் தட்டைத் திண்டாட்டத்தோடு பார்த்தார். விடிந்தால் கல்யாணம். இந்த நேரத்தில் வேறு சமையல்காரர் கிடைக்க மாட்டார். தட்டைக் கொடுத்துவிட்டு, "நாளைக்கு மண்டபத்துலே பேசிக்கறேன்" என்று காலை உதறிக்கொண்டு போனார்.

கல்யாண மண்டபத்துச் சமையலறையில் சிவசங்கரன் அன்று சமைத்தது போல் என்றுமே சமைத்ததில்லை. பயம் ஒரு பக்கம், ரோஷம் ஒரு பக்கம். அவியல் குழையவில்லை, பருப்பு உசிலி உதிர்ந்தது. பிச்சை மட்டும் அவர் அடுப்புப் பக்கம் போகும்போதெல்லாம் பின்னாலேயே வந்து இடுப்பு வேஷ்டியைப் பிடித்துக்கொண்டான்.

கடைசியாகப் பால் பாயசம். கொச்சியில் சிவசங்கரன் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் ஞாபகம் வருவது அதுதான். உருளியை இறக்கும் நேரத்தில் மணம் வாசல் தாண்டி வீதி வரைக்கும் போகும். கைமணம் என்று சொல்வார்கள். அந்தக் கைமணம் பஜார் ரோடில் விஸ்வநாத் கடையிலிருந்து அவர் வாங்கி வருகிற ஏலக்காய்ச் சொட்டு என்பது அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டுமே தெரியும். எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு சில சொட்டு விடுவார், அவ்வளவுதான்.

இடுப்பைத் தடவினார். இல்லை. பையைக் கவிழ்த்தார். இல்லை. அப்போதுதான் அடுக்களை அலமாரியும், நேற்றைய கூடையும், ஓடையும் கண்ணுக்கு முன்னால் வந்தன. சுபாஷிணி இரண்டு தடவை வாயைத் திறந்தது எதற்கு என்றும் புரிந்தது. ஆட்டின் வாயில் ஏலக்காய் மணத்திருக்கும்.

"பிச்சை, ஓடு. விஸ்வநாத் கடைக்கு. நான் எப்பவும் வாங்கறது ஒண்ணு வேணும்னு சொல்லு. வேறே யார் கிட்டேயும் வாயைத் திறக்காதே. பாயசம் அடுப்புலே இருக்கு, சீக்கிரம் வேணும்னு சொல்லு."

"எப்பவும் வாங்குறதா?" பிச்சையின் முகம் வாடியது. "இப்பவுமா சாமி?"

"போடா!"

பிச்சை போன கையோடு வக்கீல் வந்தார். பின்னாலேயே சம்பந்தி வீட்டு மனிதர்கள் நாலைந்து பேர், சமூஹத்துப் பெரியவர்கள். சுபாஷிணியும் கதவோரமாக வந்து நின்றாள். பந்தி போட இன்னும் நேரம் இருந்தது.

"சிவசங்கரா, நான் வளைச்சுப் பேசறவன் இல்லே" என்றார் வக்கீல். "உம்ம மேலே கள்ளு வாசனை வந்தது. எர்ணாகுளத்துலே ஒண்ணாம் தேதி கடைக் கதவைத் தட்டினதைப் பார்த்தவா இருக்கா. உம்ம வாசல்லே ஆடு தள்ளாடறது. என்ன சமாதானம் சொல்றீர்?"

சிவசங்கரனுக்கு, இனி மறைத்துப் பயனில்லை என்று தோன்றியது. "அண்ணா, எல்லாம் ஆத்துக்காரி பண்ணின டிங்சர். காளானை அதிலே ஊறப்போட்டா. நான் கிளிசரின்லே போடச் சொன்னேன், வினாகிரியிலே போடச் சொன்னேன். ஒண்ணும் சரிப்படலே. நேத்து எல்லாத்தையும் ஓடையிலே கொட்டிட்டேன். அதைத்தான் ஆடு குடிச்சுது." சொல்லும்போதே கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வக்கீல் யோசித்தார்.

"ஆத்துலே இருந்தது போகட்டும். அது வேறே கேஸ். இந்த அடுப்புக்கு வந்ததா? நம்ம மனுஷா ஆத்து விசேஷத்துலே நீர் இத்தனை வருஷம் சமைச்ச சாப்பாட்டுலே வந்ததா? அதை மட்டும் சொல்லும்."

சிவசங்கரன் நிமிர்ந்தார். இந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது. வாழ்க்கையில் அவர் சந்தேகமே இல்லாமல் சொல்லக்கூடிய ஒரே பதில்.

"உருளி மேலே கையை வெச்சு சத்தியம் பண்றேன்!"

"ஏன்னா" என்றாள் சுபாஷிணி கதவோரத்திலிருந்து, "சத்தியம் எல்லாம் எதுக்கு? வெறுமனே சொன்னா போறாதா?"

"நீ சும்மா இரு! நீ பண்ணினது போறும்!" சிவசங்கரன் பாயச உருளியின் விளிம்பில் வலது கையை வைத்தார். சுட்டது. எடுக்கவில்லை. "என் கையாலே சமைச்ச எந்தப் பண்டத்துலேயும், இன்னிக்கு வரைக்கும், ஒரு சொட்டு சாராயம்கூட விழுந்ததில்லே. விழுந்திருந்தா இந்தக் கை இனிமேல் கரண்டி பிடிக்க வேண்டாம்!"

சம்பந்தி வீட்டுப் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வக்கீல் முன்னால் வந்து சிவசங்கரனின் கையை உருளியிலிருந்து எடுத்து, தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

"போறும் ஓய். கேஸ் தள்ளுபடி. எல்லாரும் கேட்டுக்கோங்கோ, இந்த வருஷம் சமூஹத்து அடுப்பு பூரா சிவசங்கரனுது. சுத்தம்னா இப்படின்னா இருக்கணும்!"

சுபாஷிணி புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். ஆனந்தக் கண்ணீர் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அந்த நேரத்தில் பின்கதவு திறந்தது. பிச்சை மூச்சிரைக்க வந்தான். கூடவே விஸ்வநாத் கடைப் பையன் அனில், செய்தித்தாளில் சுற்றிய குப்பியைத் தானே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, அடுப்பைப் பார்த்ததும் நின்று, அங்கிருந்தே உரக்கச் சொன்னான்:

"சாமி, தீக்கிட்டே வெச்சுத் திறக்கக் கூடாது கேட்டோ, அதைச் சொல்லத்தான் முதலாளி என்னையே அனுப்பினார் — ஏலக்காயை எப்பவும்போல நல்ல ஸ்பிரிட்லே ஊறப்போட்டதாக்கும், உங்க வீட்டுச் சேச்சிகூட எங்க கடையிலே இதைப் பார்த்துத்தானே காளானை அதிலே போடக் கத்துக்கிட்டது!"